யார் கழற்றினார்கள் அந்த எர்த் கம்பியை

எங்கள் ஸ்டோரில் கரண்ட் முதன்முதலாகப் பிடித்தது எங்கள் எதிர்க் காம்பராப் பெண்ணை. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம், குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்றும் அதில் ஒரு அறையைக் காம்பரா என்றும். கொட்டகலைக் கடைத்தெருவிலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் எங்கள் ஸ்டோரின் தகரக் கூரை தெரியும். அதன் சலிக்கும் அறையில் அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ந்த தூளிலிருந்து குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை ஓய்ந்ததும் சிமெண்டுத் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதும் எங்கள் வேலைதான். அன்றைக்குத் தூள் காயவைக்கும் ட்ரையர் சூடு ஆறட்டும் என்று அதன் மோட்டாரை இன்னும் ஓடவிட்டிருந்தார்கள். அவள் விளக்குமாற்றோடு மோட்டாருக்குப் பின்னால் போனாள். கால் வழுக்கியதோ என்னவோ, ஒரு கையை மோட்டாரின் மேல் ஊன்றினாள். ‘அம்மா’ என்று முழுதாகக்கூடச் சொல்ல முடியவில்லை அவளால். யாரோ பிடித்துத் தள்ளியதுபோலச் சுவரோரம் போய் விழுந்தாள்.

“யாரும் கிட்டப் போகாதீங்க! தொடாதீங்க!” என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தவர் என் வீட்டுக்காரர். அதற்குப் பிறகுதான் நாங்கள் அவளைத் தூக்கினோம். உள்ளங்கை சிவந்து கன்றியிருந்தது. பல் கிட்டிப்போய் இருந்தவள், தண்ணீர் தெளித்ததும் அழ ஆரம்பித்தாள். அழுதாளே என்று எங்களுக்கு உயிர் வந்தது.

டீமேக்கர் ஐயா வந்தார். ஸ்டோரில் அவர் வைத்ததுதான் சட்டம். குனிந்து மோட்டாரின் அடியைப் பார்த்தார். அங்கே ஒரு போல்ட்டில் வெறும் செம்புக் கம்பி ஒன்று முறுக்கியிருக்கும். எர்த் கம்பி என்பார்கள். மோட்டாரின் இரும்பு உடம்புக்குக் கரண்ட் கசிந்தால், அதை ஆள்மேல் பாயவிடாமல் மண்ணுக்குக் கொண்டுபோகிற கம்பி. அந்தப் போல்ட் தளர்ந்து, கம்பி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“இது தானாகக் கழன்றதில்லை” என்றார் டீமேக்கர். “ஒரு ஆள் ஸ்பேனர் போட்டுக் கழற்றியிருக்கிறான்.”

சொல்லிவிட்டு அவர் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் அங்கே நின்ற எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

காரணம் இருந்தது. அவர் ஸ்டோரின் இஞ்சின்காரர். கரண்ட் வருவதற்கு முன்னால் ஒரே ஒரு எண்ணெய் இஞ்சின்தான் ஸ்டோர் முழுவதையும் ஓட்டிக்கொண்டிருந்தது. கூரைக்கடியில் நீளமாக ஓடும் ஒரு தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் இறங்கும் தோல்பட்டைகள். இஞ்சின் சத்தம் கேட்டால்தான் லயத்தில் எங்களுக்கு நேரமே தெரியும். பிறகு மலைமேல் பெரிய கம்பிகள் வந்தன. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக மோட்டார் வந்தது. இஞ்சினை நிறுத்திச் சாக்குப் போட்டு மூடினார்கள். இஞ்சின்காரருக்கு மோட்டார்களைத் துடைத்துக் கிரீஸ் வைக்கிற வேலை கொடுத்தார்கள்.

மெஷின் வந்தால் ஆள் குறையும் என்பது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரஜாவுரிமை இல்லாதவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்ற பேச்சு லயத்துக்கு லயம் நடந்துகொண்டிருந்த காலம். யார் புதிதாக வந்தாலும், எதற்கு வந்தான் என்றுதான் முதலில் கேட்போம். வயர் வேலைக்குக் கம்பளைப் பக்கத்திலிருந்து ஒரு சிங்கள ஆள் வந்திருந்தார். தோட்டம் தோட்டமாக வேலை செய்து தமிழ் கற்றுக்கொண்டவர். மெல்லப் பேசுவார், யாரோடும் சேர்ந்து தேத்தண்ணி குடிப்பார். அவ்வளவு நல்லவராக இருக்கிறாரே என்பதற்காகவே நான் அவரைச் சந்தேகப்பட்டேன்.

ட்ரையர் மோட்டாரை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த அன்று ஒரு வேடிக்கை நடந்தது. அந்த மோட்டாரின் பின்பக்கத்தில் தேங்காய் அளவில் ஒரு சின்ன டைனமோ வைத்திருந்தார்கள். மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவுக்கு அது கொஞ்சம் கரண்டை உண்டாக்கும். அது ஒரு மெல்லிய வயர் வழியாகப் போய், டீமேக்கர் மேசைக்கு மேலே சுவரில் இருந்த வட்டப் பலகையில் ஒரு முள்ளை நகர்த்தும். முள்ளைப் பார்த்தால் ட்ரையர் தட்டுகளின் வேகம் தெரியும். தட்டு வேகமாக ஓடினால் தூள் பச்சையாக இறங்கும், மெதுவாக ஓடினால் கருகும். அன்றைக்குச் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. முள்ளும் எதிர்ப்பக்கம் போய் முட்டிக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வயர்க்காரர் கோபிக்கவில்லை. சுவிட்சை அணைத்து, மூன்று வயர்களில் இரண்டை இடம் மாற்றிப் போட்டார். மோட்டார் நேராகச் சுற்றியது, முள்ளும் சரியான பக்கம் ஏறியது.

கரண்ட் பிடித்த பிறகு எல்லாருக்கும் அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது.

“இஞ்சின் நின்னதுல இருந்தே அவருக்கு வயித்தெரிச்சல்” என்று பைப்படியில் ஒருத்தி சொன்னாள். நான் குடத்தோடு வருவதைப் பார்த்ததும் பேச்சை மழைக்கு மாற்றினாள்.

போல்ட்டை முறுக்கினார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். அடுத்த வாரம் வேலை நடந்துகொண்டிருந்தபோதே டீமேக்கர் திடீரென்று மோட்டாரை நிறுத்தச் சொல்லி, அதன் பின்னால் போய்க் கையை விட்டுப் பார்த்தார். போல்ட் விரலாலேயே சுற்றியது. அன்று காலையில் அந்த மோட்டாருக்குக் கிரீஸ் வைத்தது என் வீட்டுக்காரர்தான்.

அவரை மெஷின்கள் பக்கமே வரக் கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். விறகு அடுக்கப் போகச் சொன்னார்கள். தோட்டத்தை நடத்துகிற துரைக்குச் செய்தி போயிற்று. வயர்க்காரரை வரவழைத்துப் பார்த்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்லலாம் என்று துரை முடிவு செய்ததாகத் தோட்டத் தலைவர் வந்து சொன்னார். தொழிற்சங்கத்துக்கு எங்கள் தோட்டத்தில் அவர்தான் தலைவர்.

“நீ செஞ்சிருந்தா இப்பவே சொல்லிரு. என்னால பேச முடியும்” என்றார் அவர்.

“செய்யலைன்னா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வேலை போனால் காம்பராவும் போகும். மூட்டை முடிச்சோடு எந்த ரோட்டில் நிற்பது என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நாட்களில் நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. வயர்க்காரரே வேண்டுமென்று இளகலாக விட்டுவிட்டுப் போயிருப்பாரோ, மறுபடி கூப்பிடுவார்களென்று? டீமேக்கர்தான் தன் மச்சினன் யாரையாவது இந்த வேலையில் வைக்கப் பார்க்கிறாரோ? கீழே விழுந்தவளே சும்மா விழுந்தாளோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அவள் கையைக் கண்ணால் பார்த்திருந்தும் தோன்றியது.

ட்ரையரில் நிற்கிற ஆள் எங்கள் லயத்துக்கு மேல் லயத்தில் இருந்தார். நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். அவர் ஒருநாள் தன் தோட்டத்துப் போஞ்சிக்காய் ஒரு மடி கொண்டுவந்து வாசலில் வைத்தார். “மனசு விட்றாத தாயி” என்றார். எல்லாரும் ஒதுங்கிப்போன நேரத்தில் அவர் ஒருவர் வந்தாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் வீட்டுக்காரரின் இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும். இஞ்சின் நின்ற பிறகும் அவர் அதை விடவில்லை. ஒரு காலையில் அவர் முகம் கழுவப் போனபோது அதைக் கையில் எடுத்து, அந்தப் போல்ட்டுக்கு இது சேருமா என்று ஸ்பேனரின் வாயை விரலால் அளந்து பார்த்தேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

ரொட்டியைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். பிய்த்தார், தின்னவில்லை.

“கேளு” என்றார்.

“என்னத்தங்க?”

“கேக்க நெனைக்கிறத.”

“நீங்க கழட்டலையில்ல?”

“டீமேக்கர் ஐயா கேட்டாரு. மலை வேலைய மேற்பார்க்குற கண்டாக்கு ஐயா கேட்டாரு. தலைவர் கேட்டாரு. நீ எப்பக் கேப்பேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“பதில் சொல்லுங்க.”

“நான் கழட்டல புள்ள.”

முழுதும் நம்பினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதிதான் நம்பினேன். மீதிப் பாதிக்காகத்தான் மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்த கையோடு மற்றப் பெண்களுக்கு முன்பாக ஸ்டோருக்குப் போனேன்.

சலிக்கும் அறைக்கும் ட்ரையர் அறைக்கும் நடுவில் கம்பிவலை போட்ட ஒரு ஜன்னல் உண்டு. தூசு படிந்து, அந்தப் பக்கமிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரியாது. நல்ல வெளிச்சம் வந்திருந்தது. ட்ரையர்காரர் வந்தார். மோட்டாரை ஓடவிட்டார். சுவரிலிருந்த முள்ளை அண்ணாந்து பார்த்தார். முள் ஒரு இடத்தில் நிற்காமல் நடுங்கியது. அவர் சுவிட்சை அணைத்துவிட்டு, கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மோட்டாருக்குப் பின்னால் குந்தினார். தோள் அசைந்தது. எழுந்து மறுபடி ஓடவிட்டார். முள் ஆடாமல் நின்றது. அவர் ஒரு பெருமூச்சு விட்டு, அடுப்புக்கு விறகு எடுக்கப் போனார்.

அவர் தந்த போஞ்சியை என் பிள்ளைகளுக்குக் கறி வைத்துக் கொடுத்திருந்தேன். குற்றமுள்ள கை கொடுத்த கறி அது.

விறகுக் கொட்டகையில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நேரே போய் ட்ரையர்காரரின் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டையை அடுக்கிக்கொண்டே, “எனக்கு அவரோட என்ன பகை? எதுக்குச் செய்றாரு?” என்றார்.

“எதுக்கா இருந்தா என்ன? கண்ணால பாத்தேன்ல?”

“நம்மளும் இப்ப ஓடிப்போய்ச் சொன்னா, தன் தலை தப்ப இன்னொருத்தன மாட்டி விட்டான்னு பேசுவாங்க. வயர்க்காரரு நாளைக்கு வர்றாரு. எல்லாரும் நிக்கிறப்பப் பேசிக்கலாம்.”

மறுநாள் காலை தேத்தண்ணி நேரம் கழிந்து வயர்க்காரர் வந்தார். துரை வரவில்லை. டீமேக்கரும் தலைவரும் ட்ரையர் அறையில் நின்றார்கள். விறகுக் கொட்டகையிலிருந்து என் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். டீமேக்கர், “இந்த ஆள்தான் கிரீஸ் வைக்கிறவன்” என்று தொடங்கினார்.

சலிக்கும் அறையை விட்டு நாங்கள் நினைத்த நேரத்தில் வெளியே வரக் கூடாது. நான் வந்தேன். குற்றம் சாட்டத்தான் வந்தேன். ட்ரையர்காரரின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வேறு வார்த்தை வந்தது.

“அண்ணே, அந்தப் போல்ட்ட ஏன் தெனமும் இளக்குறீங்க?”

ட்ரையர்காரர் மறுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கைகூப்பினார். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

“முள்ளு ஆடுதுங்க ஐயா. கொழுந்து உருட்டுற ரோலர் மோட்டாரு ஓட ஆரம்பிச்சா குதிக்குது. குதிச்சா நீங்க சத்தம் போடுறீங்க. நான் வேகத்தக் கூட்டுறேன், கொறைக்கிறேன், தூளு கருகிப்போவுது. செடி வெட்டுற மலை வேலைக்கு அனுப்பிருவேன்னு சொன்னீங்க. அந்தப் போல்ட்ட இளக்கினா முள்ளு அடங்கிருது. வேலை முடிஞ்சு போறப்ப மறுபடி முறுக்கிருவேன். அன்னைக்குச் சனிக்கெழம, நான் முறுக்குறதுக்குள்ள அந்தப் புள்ள கைய வச்சிருச்சு.”

“அதுக்குப் பொறகும் இளக்குனியே!” என்று தலைவர் கத்தினார்.

“தரை ஈரமா இருந்தாத்தானே ஆபத்துன்னு நெனச்சேன். காஞ்ச தரையில ஒன்னும் ஆகாதுன்னு... அந்தக் கம்பியில கரண்டே ஓடாதுன்னு மொதமொதல்ல ஓட்டிப் பாத்த அன்னைக்கு இவருதான் சொன்னாரு.” வயர்க்காரரைக் காட்டினார்.

வயர்க்காரர், “சொன்னேன். எல்லாம் சரியா இருந்தா ஓடாது” என்றார். பிறகு முள்ளை அண்ணாந்து பார்த்தார். “ஆடக் கூடாதே. ஏன் ஆடுது?”

அவர் மெயின் சுவிட்சை அணைத்தார். அதோடு நிற்காமல் ட்ரையர் மோட்டாருக்கான பியூஸ்களைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இது என் பையில இருக்கும்வரைக்கும் யாரும் மறந்துபோய்ச் சுவிட்ச் போட்டாலும் இங்க கரண்ட் வராது” என்றார் என் வீட்டுக்காரரிடம். பிறகு மெயினை மறுபடி போட்டு, கையிலிருந்த சோதனை பல்பை ரோலர் சுவிட்சில் வைத்துப் பார்த்தார், எரிந்தது. ட்ரையர் மோட்டாரில் வைத்துப் பார்த்தார், எரியவில்லை. திரும்பவும் ரோலர் சுவிட்சில் வைத்தார், எரிந்தது. பல்ப் நடுவில் கெட்டுப்போய் நம்மை ஏமாற்றக் கூடாதல்லவா என்றார். அவரும் என்னைப்போல எதையும் சந்தேகப்படுகிற ஆள்தான் என்று அப்போது தோன்றியது. ஆனால் அவருடைய சந்தேகம் பொருள்கள்மேல்.

மோட்டாரின் பக்கத்திலிருந்த சின்ன இரும்புப் பெட்டியைத் திறந்தார். வயர்கள் உள்ளே நுழைகிற ஓட்டையின் விளிம்பில் விரலை வைத்து நிறுத்திக்கொண்டார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதையோ மறைக்கிறார், இப்போது மூடிவிட்டு எல்லாம் சரி என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

விரலை எடுத்தார். “ஐயா, இங்க வந்து பாருங்க” என்று டீமேக்கரைக் கூப்பிட்டார். “ஓட்டையோட விளிம்பு கத்தி மாதிரி இருக்கு. இங்க ஒரு ரப்பர் வளையம் போட்டிருக்கணும். போடல. மோட்டார் அதிர்ந்து அதிர்ந்து வயரோட தோல் தேஞ்சுபோச்சு. பனி, மழை ஈரத்துல கரண்ட் கொஞ்சம் கொஞ்சமா மோட்டார் உடம்புக்குக் கசியுது.”

“அதற்கும் முள்ளுக்கும் என்ன?” என்றார் டீமேக்கர்.

முள்ளுக்குப் போகிற மெல்லிய வயருக்கு மேலே ஒரு உலோக உறை உண்டு. அந்த உறையின் நுனியையும் எர்த் கம்பியையும் ஒரே போல்ட்டில் கட்டியிருந்தார்கள். உறையின் மறுநுனியையும் மேலே சுவர்ப் பலகையில் எர்த்தோடு கட்டியிருந்தார்கள். இரண்டு நுனியும் கட்டியதால், கசிந்த கரண்ட் எர்த் கம்பியில் மட்டும் போகாமல் உறை வழியாகவும் போய் முள்ளை நடுங்க வைத்திருக்கிறது. போதாததற்கு, மோட்டார்களின் தடித்த வயர்களோடு ஒரே மரச்சட்டத்துக்குள் அந்த மெல்லிய வயரையும் நெருக்கி ஓட்டியிருந்தார்கள். ரோலர் மோட்டார் இழுக்கத் தொடங்கும்போது பக்கத்து வயரின் பலம் இதையும் உலுக்கியது. போல்ட்டை இளக்கியதும் உறையும் விட்டுப்போனது, முள் அடங்கியது. கூடவே எர்த்தும் விட்டுப்போனது. மோட்டார் மரக்கட்டைமேல் உட்கார்ந்திருந்ததால் கசிந்த கரண்டுக்குப் போக வேறு வழியில்லை. கை வைத்தவள் வழியாகப் போயிற்று.

“அந்த ஆடுற முள்ளு பொய் சொல்லல. மோட்டார் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கு” என்றார் வயர்க்காரர். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, “அண்ணே, வயர் ஓட்டினது நான். துரைகிட்ட நானே சொல்றேன்” என்றார்.

சொல்லவும் செய்தார். நான் அதையும் நம்பாமல் பங்களாவில் வேலை செய்கிற பெண்ணிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரம் முழுவதும் வயர்களைச் சரிசெய்யும் வேலை நடந்தது. தேய்ந்த வயரை மாற்றி, ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். முள்ளின் வயரைத் தடித்த வயர்களை விட்டு விலக்கி எதிர்ச்சுவரில் தனியாகக் கொண்டுபோனார்கள். உறையை முள்ளிருக்கும் பக்கம் மட்டும் கட்டினார்கள். எர்த் கம்பிக்குத் தனிப் போல்ட், அதன்மேல் இன்னொரு நட்டு. எல்லா மோட்டார்களையும் அதேபோலத் திறந்து பார்த்தார்கள். ரோலர் ஓடினாலும் நின்றாலும் முள் அசையவில்லை.

ட்ரையர்காரரைப் பொலிசில் கொடுக்க வேண்டும் என்று டீமேக்கர் நின்றார். கீழே விழுந்த பெண்ணின் புருஷனும் அதையேதான் கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. தலைவரும் என் வீட்டுக்காரரும் துரையிடம் போய்ப் பேசி, மலை வேலைக்கு மாற்றுவதோடு நிறுத்தினார்கள். எதற்குப் பயந்து அந்த மனிதர் போல்ட்டை இளக்கினாரோ, அதுவே அவருக்குக் கிடைத்தது. முள் ஆடுகிறது என்று சொன்னவனைத் திட்டாமல் ஏன் ஆடுகிறது என்று டீமேக்கர் கேட்டிருக்கலாமே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. வயர்க்காரர் எங்கள் தோட்டத்துக்குத் திரும்ப வரவில்லை. வேறொரு ஆளை அனுப்பினார்கள். அவர் வந்து போன பிறகு நாங்கள் பெண்கள் தனியாகப் போய் எர்த் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என் வீட்டுக்காரரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கேட்டேன். “நீ நேரா கேட்ட. மத்தவங்க பைப்படியில பேசுனாங்க” என்றார். அது மன்னித்ததா, குத்திக்காட்டியதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மழைக்காலம் முடியும்வரை அவர் என்னோடு அளந்துதான் பேசினார்.

பிறகு ஒருநாள் டீமேக்கர் அவரைக் கூப்பிட்டு, மெயின் சுவிட்சுக்குப் புதிதாகப் பெட்டி செய்து பூட்டுப் போட்டிருப்பதாகவும், சாவியை அவரே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஸ்டோரில் அது பெரிய மரியாதை. நான் சந்தோஷப்பட்டேன். அவர் வாங்கவில்லை.

“ஏங்க வேணாமுன்னீங்க?” என்று கேட்டேன்.

“சாவி என்கிட்ட இருந்தா, நாளைக்கு என்ன நடந்தாலும் மொதல்ல என்னையத்தான் பாப்பாங்க” என்றார்.

அடுத்த வாரமே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களோடு மலைக்குப் பேர் கொடுத்துவிட்டார். வெயிலிலும் பனியிலும் கத்தி பிடித்து வெட்டுகிற வேலை. கையெல்லாம் கீறல். ட்ரையரில் இருந்த அண்ணனும் அதே மலையில்தான் வெட்டினார். இரண்டு பேரும் பக்கத்து நிரைகளில் நின்று வெட்டுவார்கள் என்றும், சாப்பிடும்போது ஒரே மரத்தடியில் உட்காருவார்கள் என்றும் மற்றவர்கள் சொன்னார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்டுப் பார்த்தேன். “கத்தி தீட்டுறதப் பத்தி” என்று மட்டும் சொல்வார்.